வயிற்றுப் புண்ணும் மே மாதக் கீமோவும்

போன வாரம், முன்பு என்னோடு வேலை பார்த்த ஓர் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. நான்கு நிமிடம். அவர் வீட்டுக்காரருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்காக ஆப்பரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறதாம். வயிற்றுத் தையலில் கீழ்ப்பகுதி இன்னும் மூடவில்லை. அதற்குள் கீமோவுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். “புண்ணு ஆறாம கீமோ ஏத்துனா அப்புறம் ஆறவே ஆறாதுன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்கம்மா. உனக்கு எப்படி இருந்துச்சு?”

பதிலைப் பேச ஆரம்பித்தேன். பதினோரு நிமிடம் ஓடியும் நான் மருத்துவமனை வாசலைக்கூடத் தாண்டவில்லை. அழித்துவிட்டேன். எழுதிவிடுவதே மேல்.

நான் பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்ப்பவள். மருத்துவம் படித்தவள் இல்லை. என் வயிற்றில் நடந்ததும், அதைப் பற்றி டாக்டர்களையும் தாதியரையும் நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கிறது.

2023 மார்ச் மாதம். அதற்கு முன்பு எட்டு மாதமாகவே மேம்பாலப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மாதவிடாய் நிற்கிற வயசு, அதனால்தான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகத் தருகிற மலப் பரிசோதனைப் பெட்டி ஒன்று எங்கள் ஈசூன் வீட்டு அடுக்களை இழுப்பறையில், ரப்பர் பேண்டுகளுக்கும் மிளகாய் சாஸ் பாக்கெட்டுகளுக்கும் நடுவே இரண்டு வருஷமாகக் கிடந்தது. “நாளைக்கு எடுக்கலாம்” என்று தள்ளிப் போட்டே வைத்திருந்தேன். மார்ச் 5 ராத்திரி வயிறு பானை மாதிரி உப்பி, பச்சைப் பச்சையாக வாந்தி. மறுநாள் திங்கட்கிழமை மதியம் அவசர ஆப்பரேஷன். சிறுகுடல் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பெருங்குடலில் கட்டி, வழியையே அடைத்திருந்தது. வலப்பக்கக் குடலை வெட்டியெடுத்து, மிச்சத்தைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார்கள். எடுத்த 19 நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் புற்றுநோய் இருந்தது. மூன்றாம் கட்டம். கீமோ கட்டாயம் என்றார்கள்.

இதெல்லாம் எல்லோர் கதையிலும் வருவதுதான். என் கதையில் உபரியாக வந்தது புண்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் 38.6. அதுவரை சிரித்துப் பேசிய சின்ன டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அரை மணி நேரத்தில் பெரிய டாக்டர் வந்தார், சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் பயம் வெளித்தையலைப் பற்றியது இல்லை, உள்ளே குடலைச் சேர்த்த ஒட்டைப் பற்றியது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. குடலை வெட்டி ஒட்டினால் முதல் மூன்று நான்கு நாளில் அந்த இடம் பலப்படாதாம், பலம் குறையுமாம். ஓரத்தில் இருக்கும் பழைய கொலாஜனை உடம்பு முதலில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகப் போட ஆரம்பிக்கும். அதுவரை பிடித்துக்கொண்டிருப்பது தையல் மட்டுமே. கசிவு வந்தால் பெரும்பாலும் ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் தெரியவரும். நான் இருந்தது ஆறாம் நாள்.

ஸ்கேனில் உள்ஒட்டு நன்றாக இருந்தது. கெட்டுப்போனது வெளியே, தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவில். அடைத்துப்போன குடலை அவசரமாகத் திறந்தால் உள்ளே இருக்கும் கிருமி வெட்டு வாயில் படத்தான் செய்யும், அதோடு உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது என்றார் பெரிய டாக்டர். பழி பாதி என் மேல்.

மறுநாள் காலை திரையை இழுத்துவிட்டு, தொப்புளுக்குக் கீழே ஐந்து ஸ்டேப்பிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பிடுங்குகிற கருவி காகித ஸ்டேப்பிள் எடுப்பது போலத்தான் இருந்தது. வலி அவ்வளவாக இல்லை, சின்னக் கிள்ளல்தான். மூன்றாவதை எடுத்ததும் தோல் தானாகவே வாய் திறந்தது. வெதுவெதுவென்று ஏதோ இடுப்போரம் வழிந்தது. தாதி ஒரு சின்ன உலோகத் தட்டை அணைத்துப் பிடித்தார். பழுப்பும் மஞ்சளுமாக, ஒரு காப்பிக் குவளை அளவுக்குச் சீழ். நான் கூரையில் இருந்த காற்றாடியை எண்ணினேன். அந்த வார்டில் ஆறு காற்றாடி.

பிறகு டாக்டர் விரல் விட்டுப் பார்த்து, “ஆழத்தில் இருக்கிற உறை பிரியவில்லை, நல்லது” என்றார். வயிற்றுத் தசைக்கு மேல் உறுதியான உறை ஒன்று இருக்கிறது, குடலை உள்ளே பிடித்து வைத்திருப்பது அதுதான். அது பிரிந்தால் மறுபடி ஆப்பரேஷன். பிரியாததால் புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டார்கள். தைத்தால் கிருமியை உள்ளே வைத்து மூடியது போல ஆகிவிடும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், இப்படித் திறந்துவிட்டு ஆறவிடுவதற்கு “செகண்டரி இன்டென்ஷன்” என்று பெயர் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, “புண்ணுக்கு ரெண்டாவதா என்ன நோக்கம்?” என்றார். ஆப்பரேஷனுக்கு அப்புறம் நான் முதல்முறை சிரித்தது அப்போதுதான். சிரித்ததற்கு வயிறு தண்டனை கொடுத்தது.

மார்ச் 20 அன்று அளவு: நீளம் 7 சென்டிமீட்டர், அகலம் 2, ஆழம் 3. ஆழத்தை எப்படி அளப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? சுத்தமான பஞ்சுக் குச்சியைப் புண்ணுக்குள் தட்டும்வரை விடுவார்கள், தோல் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுப்பார்கள், ஸ்கேல் பக்கத்தில் வைப்பார்கள். அவ்வளவுதான். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய மருத்துவமனையில் என் விதியைச் சொன்னது ஒரு பஞ்சுக் குச்சி.

முதல் மூன்று வாரம் உறிஞ்சும் கருவி. புண்ணின் அளவுக்குக் கறுப்பு ஸ்பாஞ்சை வெட்டி உள்ளே வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு குழாயை மாட்டிவிடுவார்கள். தோளில் தொங்குகிற பெட்டிக்குள் பம்ப். திரையில் எப்போதும் 125 என்று ஓடும். அவ்வளவு மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உள்ளிழுக்கிறதாம். கசிகிற நீரை இழுத்துவிடும், புண்ணின் ஓரங்களை உள்நோக்கிச் சேர்க்கும், ரத்தக்குழாய் வளரத் தூண்டும். ராத்திரியில் பூனை உறுமுவது போலச் சத்தம். அதன் வாடகை, மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்பீட்டுக் கணக்கெல்லாம் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

கருவியைக் கழற்றிய பிறகு வாரம் மூன்று நாள் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), மற்ற நாள் வீட்டில் கட்டு மாற்றுவது. அந்த வேலை வீட்டுக்காரருக்கு. 12 மீட்டர் நீளப் பேருந்தைக் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் அலுங்காமல் திருப்புகிறவர், முதல் நாள் கை நடுங்கியது. படுக்கையில் நான் படுத்திருக்க, கைத்தொலைபேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, உப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, கடற்பாசியிலிருந்து எடுத்த கயிறு மாதிரி ஒரு பொருளை இடுக்கியால் தளர்வாக உள்ளே சுற்றி வைப்பார். திணிக்கக் கூடாது, திணித்தால் சதை வளர இடமிருக்காது என்று மிஸ்ஸி, அதாவது தாதி, சொல்லிக் கொடுத்திருந்தார். அது கசிவை உறிஞ்சி ஜெல்லாக மாறும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வாரம் ஒரு தடவை செய்துகொடுக்கும் அகர் அகரும் கடற்பாசிதான். அதை அவரிடம் சொன்னேன். அந்த மாதம் முழுக்க அவர் அகர் அகர் தொடவில்லை.

சாப்பாட்டில்தான் வீட்டுக்குள் போர். அத்தைக்குப் பத்தியம் முக்கியம். முட்டை சீழ் பிடிக்கும், மீன் அரிக்கும், கத்தரிக்காய் கரப்பான், நண்டு இறால் வாசமே கூடாது. நாற்பது நாள் கஞ்சியும் பருப்பு ரசமும். மருத்துவமனை உணவு நிபுணரோ, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்றார். அப்போது என் எடை 60 கிலோ. 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். கஞ்சியை வைத்துக் கணக்குப் போட்டால் நான் அண்டாவுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். புதுச்சதை என்பது கொலாஜன், கொலாஜன் என்பது புரதம். உலையில் அரிசி போடாமல் சோறு வராது என்று அத்தையிடம் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போரை நிறுத்தியது விரால் மீன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒருநாள் மூடி போட்ட பாத்திரத்தில் விரால் சூப் கொண்டுவந்தார்; ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு அவர்கள் வீட்டில் அதுதானாம். கீழ்வீட்டு மலாய் அக்கா அதைக் கேள்விப்பட்டு, “ஆமாம், ஹாருவான், நாங்களும் அதான் கொடுப்போம்” என்றார். அத்தை யோசித்துவிட்டு, “எங்க ஊர்லயும் விராலு புண்ணுக்கு நல்லதுன்னுதான் சொல்லுவாங்க” என்று இறங்கிவந்தார். மூன்று இனமும் ஒரு மீனில் ஒத்துப்போனதைப் பார்த்தது அன்றுதான். உணவு நிபுணரிடம் கேட்டேன். நல்ல புரதம், தாராளமாகச் சாப்பிடுங்கள், மூலிகை வேர் எதுவும் போடாமல் என்றார். கீமோ தொடங்கப் போகிறவர்கள் மூலிகை, டானிக் எது சாப்பிட்டாலும் முதலில் மருந்தாளரிடம் காட்ட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அதன்பிறகு விராலுக்குப் பின்னாலேயே முட்டையும் தவ்குவா என்கிற சோயாக் கட்டியும் கோழியும் மெதுவாக வீட்டுக்குள் வந்துவிட்டன.

இனி அக்கா கேட்ட விஷயம்.

ஏப்ரல் 11 அன்று புற்றுநோய் மருத்துவரை முதலில் பார்த்தேன். ஆப்பரேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்குவது நல்லது, தள்ளிப்போகப் போகப் பலன் குறையும் என்று அவர் சொன்னார். ஏப்ரல் 19 என்று தேதி குறித்தார். புண்ணைப் பற்றிச் சொன்னேன். “சர்ஜன் சரி என்றால் எனக்குச் சரி.” அடுத்த இரண்டாம் நாள் சர்ஜனைக் கேட்டால், “கீமோ எப்போது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.” ஒரே வளாகம், இரண்டு மாடி வித்தியாசம். நான் பந்து மாதிரி மேலும் கீழும் போனேன். புண்ணை அவிழ்த்துப் பார்த்தவர் கீமோ எழுதவில்லை. கீமோ எழுதியவர் புண்ணை அவிழ்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நல்ல டாக்டர்கள்தான் இரண்டு பேரும். நடுவில் இருந்த இரண்டு மாடிதான் என் பிரச்சினை.

முடிச்சை அவிழ்த்தது மருந்தகத் தாதி. ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருகிறவர், தமிழ்ப் பெண், என் மகள் வயசு. “ஆன்ட்டி, வாய்ல சொன்னா கேட்க மாட்டாங்க. படம் எடுத்துட்டுப் போங்க. ஸ்கேல் வெச்சு எடுங்க, தேதி எழுதுங்க.” அவரே ஒவ்வொரு தடவையும் அளவை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் 17: நீளம் 4, ஆழம் 1.5, அடியில் கொஞ்சம் மஞ்சள் படலம். அதைக் கொண்டுபோய் நீட்டினேன். புற்றுநோய் மருத்துவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், என்னைப் படுக்கச் சொன்னார், கட்டைப் பிரித்தார். அங்கிருந்தே சர்ஜனுக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தேதி மே 3க்குத் தள்ளிப்போனது. எட்டு வாரக் கெடுவுக்கு இரண்டு நாள் மேலே.

நானும் கேட்டேன், கீமோ புண்ணை அப்படி என்னதான் செய்யும்? அவர் பொறுமையாகச் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்த மருந்துகள் வேகமாகப் பெருகுகிற செல்லைத் தேடி அடிக்கின்றன. புற்றுநோய் செல் பெருகுகிறது, முடியின் வேர் பெருகுகிறது, வாயின் உள்தோல் பெருகுகிறது. ஆறுகிற புண்ணிலும் அதே பெருக்கம்தான்: சதை நெய்கிற செல், புது ரத்தக்குழாய், ஓரத்திலிருந்து ஊர்ந்து வருகிற தோல். மருந்துக்கு நல்ல பெருக்கம், கெட்ட பெருக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

எனக்குக் கொடுத்தது இரண்டு மருந்து. ஆக்ஸாலிபிளாட்டின் நரம்பில் ஏற்றுவது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கேப்சைட்டபின் மாத்திரை, காலை மாலை 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு. அந்த மாத்திரை உடம்புக்குள் போய் ஃபுளோரோயுராசில் என்ற பழைய மருந்தாக மாறுகிறது. 1957இல் வெளிவந்தது, என்னைவிடப் பதினோரு வயது மூத்தது. இதே ஃபுளோரோயுராசிலைக் கண் மருத்துவர்கள் கண் அழுத்த நோய் அறுவையில் தழும்பு கட்டாமல் இருப்பதற்காகவே பயன்படுத்துவார்களாம். தடித்த தழும்பைக் கரைக்கத் தோல் மருத்துவர்கள் ஊசியாகவும் போடுவார்கள். இதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. ஒரு இடத்தில் புண் மூடக் கூடாது என்று போடுகிற மருந்தைப் புண் மூட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிற நான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை விழுங்கப் போகிறேன்.

“அப்ப ஆறவே ஆறாதா?” என்றேன். அப்படி இல்லை, மெதுவாகும் என்றார். ஆப்பரேஷன் ஆன முதல் நாட்களில் கொடுத்தால்தான் பெரிய கெடுதல். அழற்சிக் கட்டம் தாண்டி, செங்கல் மேல் செங்கல் ஏற ஆரம்பித்துவிட்டால் வேலை நின்றுபோகாது, தாமதப்படும். குடலின் உள்ஒட்டு எட்டு வாரத்தில் நன்றாகக் கூடியிருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் பயந்தது இன்னொன்றுக்கு. ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு இறங்கும். அப்போது திறந்த புண்ணில் சீழ் இருந்தால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். ஆகவே புண் மூடியே ஆக வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சுத்தமாக, ஆழமில்லாமல், சிவப்பாக இருந்தால் போதும் என்றார். காய்ச்சல் 38 காட்டினால் ராத்திரி எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவு, பெனடால் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடக் கூடாது.

மே 2 அன்று தாதி எழுதிய அளவு: நீளம் 2, ஆழம் அரை. நிறம் மாதுளை முத்து மாதிரி. “போங்க ஆன்ட்டி, தைரியமா போங்க.”

கீமோவுக்கு முதல்நாள் மருந்தாளர் என் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. ரத்தசோகைக்காக நான் சாப்பிட்டுவந்த இரும்புச் சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் கலந்திருந்தது. அது கேப்சைட்டபினின் நஞ்சைக் கூட்டிவிடும். வேறு இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். சத்து மாத்திரைதானே என்று நானாக இருந்தால் சொல்லியே இருக்க மாட்டேன்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அங்கிள். அவருக்கு நான்காம் கட்டம், கூடுதலாக பெவசிஸுமாப் என்ற மருந்து. அது புது ரத்தக்குழாய் முளைப்பதையே தடுப்பது. கட்டிக்கும் ரத்தம் போகாது, புண்ணுக்கும் போகாது. ஆப்பரேஷனுக்குப் பிறகு குறைந்தது 28 நாள் ஆகி, புண்ணும் ஆறியிருந்தால்தான் அதைத் தொடங்குவார்கள். அவர் 28 நாளையும் சுவர் நாட்காட்டியில் குறுக்குக் கோடு போட்டு எண்ணினாராம். அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிற பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

முதல் சுற்றில் புண் நின்றுவிட்டது. மே 8, 2 சென்டிமீட்டர். மே 12, 2 சென்டிமீட்டர். மே 17, அதே 2. மாதுளை நிறம் போய் வெளிறிப்போனது, கழுவி வைத்த கோழி நெஞ்சு மாதிரி. நான் மருந்தைத் திட்டினேன். தாதி என் சர்க்கரை அட்டையைக் கேட்டார். மே 3 ராத்திரி 16.2 மில்லிமோல், மே 4இல் 17, மே 5இல் 15. வாந்தி வராமல் இருக்க ஆக்ஸாலிபிளாட்டினோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அது சர்க்கரையைத் தூக்கிவிடும். சர்க்கரை ஏறினால் வெள்ளை அணு சோம்பேறியாகும், கிருமிக்குக் கொண்டாட்டம். போதாததற்கு ஸ்டீராய்டே புண் ஆறுவதை மட்டுப்படுத்தும் மருந்து. கீமோவின் பக்கவிளைவு என்று எனக்குக் கொடுத்த வண்ணப் புத்தகத்தில் முடி, வாந்தி, வாய்ப்புண், விரல் மரத்துப்போதல் எல்லாம் படம் போட்டிருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு அந்த மூன்று நாள் என்னவாகும் என்று ஒரு வரி இல்லை. மொத்தப் பழியையும் நான் கீமோவின் மேல் போட்டுக்கொண்டிருக்க, உள்ளே கள்ளன் வாந்தி மருந்து வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாம் சுற்றில் ஸ்டீராய்டைக் குறைத்தார்கள், அந்த மூன்று நாளுக்கு மட்டும் இன்சுலின் கொடுத்தார்கள். சர்க்கரை 11ஐத் தாண்டவில்லை. இரண்டு வாரத்தில் ஓரத்தில் இளஞ்சிவப்பாக மெல்லிய தோல் ஊர ஆரம்பித்தது. வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். “கரை ஏறுது” என்றார்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் விரலில் ஊசி குத்தியது, பச்சைத்தண்ணீர் தொண்டையில் கண்ணாடித்தூள் மாதிரி இறங்கியது. உள்ளங்கை சிவந்து உரிந்தது. எம்ஆர்டி ரயில் குளிருக்கு மே மாதத்தில் கையுறை போட்டேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றாம் சுற்று ஜூன் 14. அன்று காலை ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணு 1.1. குறைந்தது 1.5 வேண்டும். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். அழுதுவிட்டேன். நாள் தள்ளிப்போகிறதே என்று. ஆனால் ரத்தத்துக்குக் கொடுத்த அந்த ஒரு வார விடுமுறையைப் புண்தான் எடுத்துக்கொண்டது. ஜூன் 20 அன்று தாதி குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு, “உள்ள போகல ஆன்ட்டி” என்றார். ஆழம் முடிந்தது. மிச்சம் மேல்தோல்தான். மொத்தம் நான்கு சுற்று, மூன்று மாதம். என்னைப் போன்ற குறைந்த ஆபத்துள்ள மூன்றாம் கட்டக்காரர்களுக்கு இந்த மருந்துச் சேர்க்கையில் ஆறு மாதத்துக்குப் பதில் மூன்றே போதுமானது என்று 12,000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியதாம். அந்த 12,000 பேருக்கும் என் கும்பிடு.

ஆகஸ்ட் முதல் வாரம், எங்கள் புளோக்கில் வரிசையாகத் தேசியக் கொடி தொங்கிய நாட்களில், புண் முழுசாக மூடியது. கட்டு இல்லாமல் குளித்த அன்று தண்ணீர் வயிற்றில் நேராக விழுவதே விசித்திரமாக இருந்தது. மூடியது என்றால் பழையபடி ஆனது என்று அர்த்தம் இல்லை. ஆறிய தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் அதிகபட்சம் எண்பது சதவீதம்தான் திரும்புமாம், அதற்கே மாதக்கணக்காகும். எனக்குச் சீழ் பிடித்த இடத்தில், தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே, இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்கு இப்போது ஒரு மேடு எழும்புகிறது. குடலிறக்கம். தைக்கலாம், அவசரமில்லை என்கிறார் சர்ஜன். பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அண்டா தூக்குவது மட்டும் மற்றவர்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டு, சுருக்கமாக நான்கு கேள்வியும் அனுப்பினேன். ஆழம் எத்தனை சென்டிமீட்டர், சீழ் இருக்கிறதா, சர்ஜனும் கீமோ டாக்டரும் பேசிக்கொண்டார்களா, சர்க்கரை உண்டா. ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது. “ஆழம் ஒன்னுதான், சீழ் இல்லம்மா. பேசிக்கிட்டாங்களான்னு தெரியல, நாளைக்குக் கேக்குறேன். சர்க்கரை எல்லாம் கிடையாது, அவரு அந்த விஷயத்துல சுத்தம். சிகரெட் மட்டும்தான், அதுவும் இப்ப பாதியா குறைச்சிட்டாரு, படிக்கட்டுல போய்த்தான் குடிக்கிறாரு.”

அதற்கு நான் உடனே ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டியதாயிற்று. சிகரெட்டின் நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிப் புண்ணின் வாய்க்கு ரத்தமே போகவிடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதில் தொடங்கி, அவர் எந்தப் படிக்கட்டில் நின்று குடித்தாலும் புண் வயிற்றில்தானே இருக்கிறது என்பதுவரை. ஆறு நிமிடம் வந்தது. இதை அழிக்கவில்லை.